பதினேழாம் எண் போராளியின் முதல் வசனம்

எட்டு வருடங்களாக, வாரத்தில் ஐந்து நாள், காலை ஏழு மணியிலிருந்து அவர் புரட்சி செய்துவந்தார். அந்த எட்டு வருடத்தில் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசும் புரட்சிக்காரர்கள் மூன்று பேர் தனியாக இருந்தார்கள். அவர்களுக்குத் தனி அறை, சாய்வு நாற்காலி, முகத்தை ஒற்றியெடுக்க ஓர் ஆள். மற்ற முப்பத்தெட்டுப் பேரும் பின்னால் நின்று கையை உயர்த்துகிறவர்கள்.

தொலைக்காட்சித் தொடரின் பெயர் 'ஒன்பதாவது நிலா'. விண்வெளியில் 'மையம்' என்றொரு பேரரசு எல்லா நிலாக்களையும் ஆள்கிறது. ஒன்பதாவது நிலாவின் சுரங்கத் தொழிலாளர்கள் மட்டும் 'சாம்பல் படை' என்று கூடி அதை எதிர்க்கிறார்கள். எட்டு வருடம் ஆகியும் மையம் விழவில்லை. விழுந்தால் தொடர் முடிந்துவிடும் என்பதால் இரண்டு தரப்பும் பொறுமையாகவே போரிட்டன.

சாம்பல் படையினரின் நெஞ்சில் எண் ஒட்டியிருக்கும். அவருடையது பதினேழு. படப்பிடிப்பு நிலையத்தில் காவலாளி முதல் டீ கொண்டுவருகிறவர் வரை எல்லோரும் அவரைப் பதினேழு என்றுதான் கூப்பிட்டார்கள். மின்சாரக் கட்டண ரசீதில் அவருக்கு வேறொரு பெயர் இருந்தது. அதை மின்சார அலுவலகம் மட்டும் பயன்படுத்தியது.

விவகாரம் உடையில் தொடங்கியது. வெள்ளிச் சாயம் பூசிய ரப்பர் சட்டை, அதற்குள் பஞ்சு மெத்தை, தலையில் கழுத்தோடு திருகிப் பூட்டும் கவசம். ஒரு கவசத்தைக் கழற்ற நாலு நிமிடம் ஆகும். அதனால் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் நடுவில் கழற்றுவதில்லை. அப்படியே போய் உட்கார ஓர் அறை உண்டு. தகரக் கூரை, ஒரே கதவு, ஜன்னல் இருந்த இடத்தில் ஜன்னலின் அடையாளம். ஃபேன் கிடையாது. கூரையில் ஃபேன் மாட்டும் கொக்கி மட்டும் இருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு, "மையம் ஒழிக!" என்று தலைவராக நடிப்பவர் முழங்க, முப்பத்தெட்டுக் கைகள் உயர்ந்தன. ஒரு கை மட்டும் கீழே போனது. இருபத்திநாலாம் எண் போராளி மயங்கி விழுந்துவிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய அம்மா. பல வருடம் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்த்துவிட்டு, இங்கே வந்து நின்றுகொண்டிருந்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா.

பதினேழு தண்ணீர் கொண்டு ஓடினார். உடைப் பொறுப்பாளர் அதைவிட வேகமாக ஓடிவந்தார்.

"தண்ணி ஊத்தாதீங்க! சாயம் போயிடும்!"

இயக்குநர் திரையில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விழுந்தது ரொம்ப இயல்பா இருக்கு. அத அப்படியே வச்சுக்கலாம்."

அன்று மாலை தகர அறையில் கூடிப் பேசினார்கள். மனு எழுதுவது என்று முடிவாயிற்று. முன்பு பள்ளியில் வேலை பார்த்ததால் ஐந்தாம் எண்காரருக்கு வாத்தியார் என்று பெயர். அவர் எழுதினார். மூன்றே கோரிக்கைகள்: ஒரு ஃபேன், ஒரு தண்ணீர் கேன், இடைவேளையில் கவசத்தைக் கழற்ற அனுமதி. 'கேட்டுக்கொள்கிறோம்' என்று முடித்திருந்தார்.

"ரொம்ப வெறப்பா இருக்கே" என்றார் ரப்பர். எவ்வளவு உயரத்திலிருந்து தள்ளினாலும் அடிபடாமல் விழக்கூடியவர் என்பதால் அவர் ரப்பர். "பணிவுடன்னு போடுங்க வாத்தியாரே."

போட்டார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று, ஃபேனுக்கு ஒன்று என்று ஆளாளுக்குச் சொல்ல, கடைசியில் ஒரு பக்க மனுவில் ஆறு பணிவு சேர்ந்தது. யார் கையெழுத்துப் போடுவது என்று வந்தபோது பேனா கைமாறிக் கைமாறி வாத்தியாரிடமே திரும்பி வந்தது. 'இப்படிக்கு, சாம்பல் படையினர்' என்று எழுதி முடித்தார் வாத்தியார்.

"கொண்டுபோய்க் குடுக்கறது யாரு?"

"பதினேழு போகட்டும்" என்றார் ஒட்டடை. நெட்டையாக, கூரையைத் துடைக்கும் கோல்போல இருப்பார். "எட்டு வருஷமா வாயத் தொறக்காத மனுஷன். அவர்மேல யாருக்குக் கோவம் வரும்?"

மனிதவள மேலாளரின் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. சுவர் முழுக்க ஒரு பெரிய சுவரொட்டி: கவசம் அணிந்த போராளிகள், மேலே 'தலை வணங்காதே!' என்ற எழுத்து. ஓரத்தில் பதினேழின் இடது தோள் தெரிந்தது. கதவு நிலை தாழ்வாக இருந்ததால் அவர் குனிந்து உள்ளே போனார்.

"வாங்க பதினேழு, உக்காருங்க. இந்தக் கதவு உங்களுக்காக எப்பவும் தெறந்தே இருக்கும்" என்ற மேலாளர், குளிர் வெளியே போகாமலிருக்கக் கதவைச் சாத்தச் சொன்னார். மனுவை இரண்டு முறை படித்தார். கோபமே படவில்லை. அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"நல்லா எழுதியிருக்கீங்க. நாமெல்லாம் ஒரே குடும்பம். குடும்பத்துல ஒருத்தருக்கு வேர்த்தா எனக்கும் வேர்க்கும். ஆனா யாருக்கு வேர்க்குதுன்னு தெரியணும் இல்லையா?"

"எல்லாருக்கும்தான் சார் வேர்க்குது."

"எல்லாரும்னு ஒரு ஆள் நம்ம வருகைப் பதிவேட்டுல இல்லையே. பேர் குடுங்க. மொதல்ல யாருக்கு வேர்த்துச்சு, யார் அதப் பத்தி மத்தவங்ககிட்ட பேசுனாங்க, யார் எழுதுனாங்க. அவ்வளவுதான்."

பதினேழு தரையைப் பார்த்தார். சம்பந்தமில்லாமல் அந்தத் தரையின் பளபளப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

"பயப்படாதீங்க" என்றார் மேலாளர். "எதிர்ப்பு நமக்குப் புதுசா? எதிர்ப்புதான் நம்ம சரக்கு. அத ஊருக்கெல்லாம் வித்துத்தான் நாம சாப்பிடறோம். ஆனா ஒண்ணு யோசிங்க. இனிப்புக் கடையில வேலை பாக்கறவன் இனிப்ப எடுத்துத் தின்னுட்டே இருந்தா கடை நடத்த முடியுமா?"

பதினேழு பெயர் எதுவும் சொல்லவில்லை. வீரத்தால் அல்ல. பேசிப் பழக்கமில்லை, அவ்வளவுதான். மேலாளர் புன்னகையோடு மனுவின்மேல் ஒரு முத்திரை குத்தினார். 'பெறப்பட்டது, உணரப்பட்டது' என்று அதில் இருந்தது.

அடுத்த வாரம் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. முப்பத்தெட்டுப் பேருக்கும் 'உனக்குள் ஒரு போராளி' என்ற கட்டாயப் பயிற்சி முகாம். வெளியிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். கழுத்தில் ஒலிவாங்கியை மாட்டிக்கொண்டு மேடையில் இங்குமங்கும் நடந்தார்.

"உஷ்ணம் எங்க இருக்கு? வெளியவா? இல்ல! மனசுல இருக்கு! மனசக் குளிர வச்சா ஒடம்பு தானா குளிரும். எங்க, எல்லாரும் சத்தமா சொல்லுங்க: எதிர்ப்போம்!"

"எதிர்ப்போம்" என்றார்கள்.

"பத்தல! யார எதிர்க்கப் போறோம்? நம்மள நாமே! நமக்குள்ள இருக்கற குறை சொல்ற குணத்த!"

ஐந்தாவது முறைதான் சத்தம் போதுமென்று ஒப்புக்கொண்டார். முடிவில் ஆளுக்கொரு கருத்துப் படிவம். 'முகாம் எனக்கு மகிழ்ச்சி அளித்தது', 'மிக்க மகிழ்ச்சி அளித்தது' என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் குறியிட வேண்டும்.

"என்னமோப்பா, ரெண்டு மணி நேரம் ஏசியில உக்காந்தோம்" என்றார் ரப்பர். "மாசம் ஒரு தடவ மனு போடலாம்."

அதற்கடுத்த வாரம் வெப்பநிலை ஆய்வுக் குழு வந்தது. மூன்று பேர், ஒரு வெப்பமானி. காலை ஐந்தே முக்காலுக்கு, ஒருவரும் இல்லாத அறையில் அளந்தார்கள். பிறகு முறைப்படி பகல் ஒரு மணிக்கு ஆட்கள் இருக்கும்போது வந்து வாசலில் நின்று அளந்தார்கள். உள்ளே வந்தால் தங்களுக்குத் தலைசுற்றும் என்றார்கள். அறிக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டது. 'ஆட்கள் இல்லாதபோது அறை இதமாக உள்ளது. எனவே வெப்பத்துக்குக் காரணம் அறையல்ல, ஆட்களே. அவர்களின் எண்ணிக்கையைக் குறைப்பது குறித்து நிர்வாகம் பரிசீலிக்கலாம்.'

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இரண்டு முறை படித்தார். "இலக்கணப் பிழை ஒண்ணுகூட இல்ல" என்றார்.

அன்று மாலையே இயக்குநரின் உதவியாளர் தகர அறைக்கு வந்து பதினேழைத் தேடினார். அவருக்கு ஒரு வசனம் வந்திருக்கிறதாம்.

மருந்துக்கடையில் ரசீது போடும் வேலை பார்த்த பதினேழின் மனைவி, செய்தியைக் கேட்டதும் கையிலிருந்த பையை வாசலிலேயே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். எட்டு வருடமாக அக்கம்பக்கத்தாரிடம், "அதோ, மூணாவது வரிசையில, பாதி மறைஞ்சு நிக்கறாரே" என்று சொல்லிச் சொல்லி அலுத்தவர்.

"பெரிய வசனமாங்க?"

"தெரியல. எழுதிக் குடுக்கல."

"எதுக்கும் தொண்டையப் பாத்துக்குங்க. எங்க கடையில நல்ல மாத்திரை இருக்கு, கொண்டுவரேன்."

இருவரும் கண்ணாடி முன்னால் நின்று, இன்னதென்று தெரியாத வசனத்துக்காகக் குரலைச் சரிசெய்து பார்த்தார்கள். கல்யாணமான புதிதில் சிரித்ததுபோல் அவர் மனைவி சிரித்தார்.

காட்சி இதுதான்: மையத்தின் படையினர் பதினேழைப் பிடித்துவிட்டார்கள். இரும்பு நாற்காலி, கவசம் கழற்றிய முகத்துக்கு நேரே பெரிய விளக்கு. மையத்தின் தளபதி விசாரிக்கிறார். போராளி உடைந்துபோய்க் கூட்டாளிகளின் பெயரைச் சொல்லிவிடுகிறான்.

"வசனம் எழுதல" என்றார் இயக்குநர். "எழுதுனா எழுதுன மாதிரி இருக்கும். ரெண்டு பேர் பேர நீங்களா சொல்லுங்க. வாயில வர்றதச் சொல்லிட்டுத் தலையக் குனிஞ்சிருங்க. போதும்."

திரைக்குப் பக்கத்தில் மேலாளர் ஒரு சின்னக் குறிப்பேட்டோடு நின்றிருந்தார். "நம்ம பையன் பேசறான்னு கேள்விப்பட்டேன். பாக்காம இருக்க முடியல" என்றார்.

முதல் டேக்கில் பதினேழு வீட்டிலிருந்து யோசித்து வந்த, விண்வெளிக்குப் பொருத்தமான இரண்டு பெயர்களைச் சொன்னார். "கட். மருந்து பேர் மாதிரி இருக்கு." அடுத்து எண்களைச் சொன்னார். "கட். குலுக்கல் முடிவா வாசிக்கறீங்க?" அடுத்து மச்சான்கள் பெயரைச் சொன்னார். "கட். சொல்லும்போது ஒங்களுக்கே சிரிப்பு வருது." எட்டாவது டேக்கில், "பொய்னு முகத்துல தெரியுது" என்றார் இயக்குநர். பதினொன்றாவதில் விளக்கை இன்னும் கிட்டே கொண்டுவரச் சொன்னார். சட்டைக்குள் வேர்வை இடுப்புவரை இறங்கி அங்கே தேங்கியது. மனைவி கொடுத்த மாத்திரை தொண்டையில் ஒட்டிக்கொண்டு இனித்தது.

தளபதியாக நடித்தவர் நல்ல மனிதர். பதினாலாவது டேக்குக்கு முன்னால் குனிந்து காதில் சொன்னார்: "சட்டுனு சொல்லிருப்பா. எல்லாரும் சாப்பிடப் போகலாம்."

விளக்கு எரிந்தது.

"சொல்லு! ஒன்கூட இருக்கறது யாரு?"

பதினேழு வாயைத் திறந்தார். வேறெந்தப் பெயரும் மிச்சமில்லை.

"ஒட்டடை" என்றார். பிறகு, "வாத்தியாரு."

யாரும் கட் சொல்லவில்லை. விளக்குக்குப் பின்னால் இயக்குநர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்து, வாயைத் திறந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். உடைப் பொறுப்பாளரும் டீக்காரரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எட்டு வருடத்தில் அப்படி அவரை யாரும் பார்த்ததில்லை. கண்ணில் தானாக நீர் கட்டியது. குரல் கனத்து, அழகாக நடுங்கியது.

"ரப்பரு" என்றார். "அக்கா."

"எந்த அக்கா?" என்று தளபதி கேட்டார். நல்ல நடிகர், கிடைத்ததை விடமாட்டார்.

"இருபத்திநாலு."

அதன்பிறகுதான் தலையைக் குனிந்தார். கைதட்டல் எழுந்தது. யாரோ முதுகில் தட்டினார்கள். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு மிடறு குடித்த பிறகுதான் மேலாளரின் குரல் அவர் காதில் விழுந்தது. மேலாளர் உதவியாளரிடம், "ஒட்டடைல எத்தன 'ட' வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பதினேழு ரப்பர் சட்டையோடு அவர் பின்னால் ஓடினார். "சார், அது சும்மா, நடிப்புக்குச் சொன்னது சார். நெசம் இல்ல."

"தெரியும் பதினேழு, நாங்க என்ன கொழந்தைங்களா?" மேலாளர் அவர் தோளைத் தொட்டு, ஈரமாக இருந்ததால் கையை எடுத்துக்கொண்டார். "நிர்வாகம் யாரையும் பழிவாங்காது. கதை எங்க போகுதோ அங்க நாங்க போறோம். கதையில காட்டிக்குடுத்தா கதையிலதானே தண்டன?"

வியாழக்கிழமை நான்கு பேருக்கும் மரண தண்டனை. அட்டையில் செய்த பாறைச் சுவருக்கு முன்னால் வரிசையாக நிற்கவைத்தார்கள். பதினேழைக் கட்டி எதிரே உட்காரவைத்திருந்தார்கள், அவர் சாட்சி. நான்கு பேரும் கவசத்துக்குள் இருந்ததால் யார் எந்த முகத்தோடு நிற்கிறார்கள் என்று தெரியவில்லை.

"சாகறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி சொல்லிக்கட்டுமா?" என்று வாத்தியாரின் குரல் கவசத்துக்குள்ளிருந்து கேட்டது.

"நேரமில்ல சார்" என்றார் இயக்குநர். பிறகு பதினேழின் பக்கம் திரும்பினார். "நீங்க அவங்களப் பாக்கணும். ஏன் தரையப் பாக்கறீங்க? ம்ம், இல்ல, பரவால்ல. அந்தக் குற்ற உணர்ச்சி பிரமாதம். அப்படியே இருங்க."

வெடிச்சத்தம் பிறகு சேர்த்துக்கொள்ளப்படும் என்பதால் உதவியாளர் வாயால் 'டப்' என்றார். நான்கு பேரும் விழுந்தார்கள். ரப்பர் விழுந்தது அத்தனை நன்றாக இருந்ததால் ஒரே டேக்கில் ஓகே ஆனது. எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டார்கள். கவசங்களை ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ளும்படியும், இறந்த பாத்திரங்களுக்கு நுழைவு அட்டை செல்லாது என்றும் உதவியாளர் சொன்னார். ஒட்டடை மட்டும் போகும்போது பதினேழின் கட்டை அவிழ்த்துவிட்டுப் போனார். வேறு யாருக்கும் அது ஞாபகமில்லை.

திங்கட்கிழமை அறிவிப்புப் பலகையில் புதிய சுற்றறிக்கை இருந்தது. 'ஆய்வுக் குழுவின் பரிந்துரைப்படி ஓய்வறையில் நெரிசல் குறைக்கப்பட்டது. வெப்பநிலை அரை டிகிரி இறங்கியுள்ளது. இக்கோரிக்கையைத் துணிவுடன் எழுப்பிய சாம்பல் படையினருக்கு நிர்வாகத்தின் பாராட்டுகள்.'

அத்தியாயம் ஒளிபரப்பான அன்று வீட்டில் உட்கார இடமில்லை. பக்கத்து வீட்டார், மாடி வீட்டார், மருந்துக்கடை முதலாளி எல்லோரும் வந்திருந்தார்கள். திரை முழுக்க அவர் முகம். "ரப்பரு. அக்கா." அறையில் ஒருவர் மூக்கை உறிஞ்சினார். முடிந்ததும் எல்லோரும் எழுந்து நின்று கைகொடுத்தார்கள். மாடி வீட்டுக்காரர் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்.

எல்லோரும் போன பிறகு மனைவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த 'அக்கா'ன்னு சொன்னீங்க பாருங்க, எனக்கு என்னமோ பண்ணிடுச்சுங்க. யாருங்க அது?"

"கதையில ஒருத்தங்க."

"பாவம்" என்றார் மனைவி.

மறுநாள் பதினேழு வாத்தியார் வீட்டுக்குப் போனார். வாத்தியாரின் மகள் கதவைப் பாதி திறந்து, அப்பா வெளியூர் போயிருக்கிறார் என்றாள். உள்ளே வாத்தியார் இருமினார். இரண்டு பேரும் அதைக் கேட்டார்கள். "சரிம்மா, வந்தா சொல்லு" என்று சொல்லிவிட்டுப் பதினேழு திரும்பிவிட்டார். ரப்பரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருந்தது. ஒட்டடை எங்கே குடியிருந்தார் என்பது, எட்டு வருடம் பக்கத்தில் நின்றும், அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் அவரை மையத்தின் பக்கம் மாற்றினார்கள். காட்டிக்கொடுத்தவனை மையம் தன் படையில் சேர்த்துக்கொள்வதாகக் கதை. மையத்தின் வீரர்களுக்குப் பருத்திச் சீருடை. கவசம் இல்லை, தொப்பிதான். அவர்கள் ஓய்வறையில் இரண்டு ஃபேன் ஓடியது. முதல் நாள் அவர் அதன் கீழே உட்கார்ந்தபோது உடம்பு நன்றாகத்தான் இருந்தது. அது அவருக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வாரத்தில் வெட்கம் போய்விட்டது. தகர அறையில் மிச்சமிருந்தவர்கள் அவரைப் பார்த்தால் வணக்கம் சொன்னார்கள். அவர் இருக்கும்போது வெயிலைப் பற்றிக்கூடப் பேசுவதில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு பிற்பகலில் பேருந்து நிறுத்தத்தில் அக்காவைப் பார்த்தார். அக்கா கையில் ஒரு மருத்துவமனைக் கோப்பு இருந்தது. ஒதுங்கிவிடலாமா என்று யோசிப்பதற்குள் அக்கா பார்த்துவிட்டார்.

"நல்லா இருக்கீங்களா தம்பி?"

"இருக்கேன்க்கா. நீங்க?"

"இருக்கேன். மறுபடியும் துணிக்கடைதான். இப்பல்லாம் உக்கார ஒரு ஸ்டூல் குடுக்கறாங்க." கோப்பை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். "அந்தக் காட்சியப் பாத்தேன். வீட்ல எல்லாரும் பாத்தோம். நல்லா பண்ணியிருந்தீங்க."

பதினேழு ஏதோ சொல்ல வந்தார். "அக்கா, பதினாலு டேக்கு. வெளக்க மூஞ்சிகிட்ட வச்சு…"

"அது சொன்னாங்க" என்றார் அக்கா. "டைரக்டரு ரெண்டு பேர் பேருதான் கேட்டாராமே?"

"ஆமாக்கா."

"நான் நாலாவது."

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அக்காவின் குரலில் கோபம் இல்லை. வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"ரெண்டோட நிறுத்தியிருக்கலாமே தம்பி. ஏன் நிறுத்தல?"

பதினேழு உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். மூன்று மாதமாக யாரும் அவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை. அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அக்காவுக்குப் பொய் சொல்லக்கூடாது என்று தோன்றியது.

"டேக் நல்லா வந்துட்டிருந்துச்சுக்கா" என்றார்.

அக்கா கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு வண்டி வருகிறதா என்று சாலைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.